பதினைந்து எண்ணும் வரை

எண்ணிக்கை ஒன்பதிலேயே நின்றுவிட்டது. அவனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

டிவி திரை முழுக்க இருட்டு. கேம் கன்சோலின் பெண் குரல் மட்டும், பேங்கில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற மாதிரி எந்த அவசரமும் இல்லாமல், "படம் தெரிகிறதா? பதினைந்து. பதினான்கு. பதின்மூன்று" என்று எண்ணிக்கொண்டே வந்தது. ஒன்பது சொன்னதும் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். "ஆம். நூற்றிருபது சேமிக்கப்பட்டது" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. கன்ட்ரோலர் டீப்பாய் மேல் கிடந்தது. அவனும் அதைத் தொடவில்லை, அந்த வீட்டு அம்மாவும் தொடவில்லை.

"இதான் தம்பி. போன்ல சொன்னேன், உங்க கடையில யாரும் நம்பல" என்றாள் அவள்.

டிவியும் கன்சோலும் ரிப்பேர் பார்ப்பது அவன் தொழில். கடையில் அவனுக்குப் பட்டப்பெயர் 'ஒண்ணொண்ணு'. மற்ற மெக்கானிக்குகள் நாலு இடத்தில் கையை வைத்து எப்படியோ சரிபண்ணிவிடுவார்கள். எதனால் சரியானது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். இவன் ஒன்றை மாற்றுவான், பார்ப்பான். சரியாகவில்லை என்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததை மாற்றுவான். "சட்டை பட்டனையே ஒண்ணு போட்டுட்டு, சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் அடுத்ததைப் போடுவான்" என்று முதலாளி கிண்டலடிப்பார். அடித்துவிட்டுப் போகட்டும். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தபின் மிச்சமிருப்பது எதுவோ அதில்தான் கோளாறு. பதினோரு வருஷத்தில் அந்த வழி அவனை ஒருமுறையும் கைவிட்டதில்லை.

இந்த இருட்டுத்திரை சமாச்சாரமும் அவனுக்குப் பழகியதுதான். சாதாரணமாகக் கன்சோல் ஒரு விநாடிக்கு அறுபது படம் அனுப்பும். நூற்றிருபதுக்கு மாற்றினால் ஓட்டம் வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி இருக்கும். ஆனால் எல்லா டிவியும் எல்லா கேபிளும் அதைத் தாங்காது. தாங்காவிட்டால் திரை இருண்டுவிடும். அதற்காகத்தான் மாற்றியதும் கன்சோல் கேட்கிறது, படம் தெரிகிறதா என்று. தெரிகிறவன் 'ஆம்' அழுத்துவான். தெரியாதவன் அழுத்த மாட்டான். பதினைந்து விநாடி பார்த்துவிட்டு அதுவே பழைய அறுபதுக்குத் திரும்பிவிடும். வாடிக்கையாளர்களிடம் அவன் கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்வான்: "படம் தெரியலன்னா பதறாதீங்க. எதையும் தொடாதீங்க. கையைக் கட்டிக்கிட்டு பதினஞ்சு எண்ணுங்க, தானா சரியாயிடும்."

இங்கே பதினைந்து எண்ணி முடிவதற்குள் யாரோ 'ஆம்' என்கிறார்கள்.

"உங்களுக்கு ஏதாவது தெரியுதாக்கா?" என்று திரையைக் காட்டிக் கேட்டான். சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"கறுப்பாத்தான் இருக்கு. ஏன், உங்களுக்குத் தெரியுதா?"

"இல்ல, இல்ல" என்றான். அப்பாடா என்று இருந்தது.

அந்த அப்பாடாவுக்குக் காரணம் இருந்தது. இரண்டு வாரமாக அவனுடைய வலது கண்ணின் நடுவில் ஒரு கறுப்பு. முதலில் மிளகளவு. இப்போது சட்டைப் பட்டனளவு. எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் வந்து குந்திக்கொள்ளும். கடையில் சொன்னால் வேலை போய்விடும். கண் சரியில்லாத டிவி மெக்கானிக்கை யார் வைத்துக்கொள்வார்கள்? வீட்டில் சொல்லலாம் என்றால் மனைவி நிறைமாசம். இன்றோ நாளையோ என்று இருக்கிறாள். டாக்டரிடம் போனால் என்ன சொல்வாரோ என்ற பயத்திலேயே போகாமல் இருந்தான். காலையில்கூட அவள் வம்பிழுத்தாள்: "குழந்தை முகத்தை முதல்ல நான்தான் பார்ப்பேன்." "அதெல்லாம் நடக்காது. நீ மயக்கத்துல கிடப்ப. முதல்ல நான்தான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கும்போது, பார்க்கவே முடியாமல் போய்விட்டால் என்று தோன்றியது. பைக்கை எடுக்காமல் பஸ்ஸில் வந்திருந்தான்.

ஆக, திரை எல்லாருக்கும் இருட்டாக இருப்பது நல்ல செய்தி. கோளாறு மிஷினில் இருக்கிறது. அவனிடம் இல்லை.

"இந்தக் குரல் எதுக்குக்கா? நீங்க ஆன் பண்ணதா?"

"என் வீட்டுக்காரர் பண்ணது." அவள் அறைக்குள் வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "அவருக்குப் பார்வை மங்கிக்கிட்டே வந்துச்சு தம்பி. எழுத்தை வாசிச்சுச் சொல்லட்டும்னு போட்டு வெச்சார். விளையாடாம இருக்க முடியாது அவரால. ஒரு நாள் இதே மாதிரி இருட்டா இருக்கு. இவர் மட்டும் தெரியுது தெரியுதுன்னு சின்னப்புள்ளையாட்டம் குதிக்கிறார்."

"அப்புறம்?"

"அப்புறம் நிஜமாவே தெரிஞ்சுது. ஊசியில நூல் கோத்தார்னா பாருங்களேன். ஆனா என் முகத்தைத்தான் யாரோ எவரோங்கிற மாதிரி பார்த்தார். கண்ணே சிமிட்டல. எட்டு நாள் வீட்ல இருக்கற சாமானை எல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தார். ஒன்பதாம் நாள் காலையில செருப்புகூடப் போடாம இறங்கிப் போனவர்தான். மூணு மாசம் ஆச்சு. தேடாத இடமில்ல."

பாவம், ஏதோ மூளைக் கோளாறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"தூக்கிப் போடவும் மனசு வரல. அவர் விளையாடினதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. அறுபதுல வெச்சா ஒழுங்கா ஓடுது. கொஞ்ச நேரம் அசந்தா அதுவே நூத்திருபதுக்குப் போயி, படம் தெரிகிறதா, படம் தெரிகிறதான்னு..." அவள் படிப்பக்கம் திரும்பினாள். "நான் கீழ் வீட்ல நாத்தனார்கிட்ட இருக்கேன். முடிஞ்சதும் குரல் குடுங்க. கன்ட்ரோலரை மட்டும் கையில வெச்சுக்கிட்டு உக்காராதீங்க."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போய்த் தேய்ந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனாலும் வெளியே மழை மூட்டம் போட்டு, ஜன்னல் திரைச்சீலை வழியாக வருகிற வெளிச்சம் பழைய தண்ணீர் நிறத்தில் இருந்தது. அறையில் சூடான தூசியின் வாசனையும், அதற்கடியில் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்தால் வருகிற வாசனையும், கன்சோலின் காற்றாடி மெதுவாக மூச்சு விடுகிற சத்தமும், எங்கேயோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தமும் கலந்து கிடந்தன. அவன் பையைத் திறந்து வேலையை ஆரம்பித்தான்.

முதலில் கேபிள். பழையதைக் கழற்றிவிட்டு நூற்றிருபதைத் தாங்குகிற புதுக் கேபிளைப் போட்டான். அறுபதில் படம் பளிச்சென்று வந்தது. நூற்றிருபதுக்கு மாற்றினான். இருட்டு. "படம் தெரிகிறதா? பதினைந்து." கன்ட்ரோலரை டீப்பாய் மேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் கட்டிக்கொண்டான். பதினொன்றில் 'டிக்'. "ஆம். நூற்றிருபது சேமிக்கப்பட்டது."

அடுத்து சாக்கெட். டிவியின் பின்னால் நாலு இருந்தன. வேகத்தைத் தாங்குவது இரண்டுதான். இரண்டிலும் பார்த்தான். இருட்டு. அடுத்து டிவி செட்டிங். இருட்டு. கடையிலிருந்து கொண்டுவந்த சின்ன டெஸ்ட் டிவியை மாட்டினான். அதே கேபிளில் கடையில் நூறு முறை ஓடிய டிவி அது. இருட்டு. "பதின்மூன்று. பன்னிரண்டு." டிக். "ஆம்."

கன்ட்ரோலரில் பட்டன் மாட்டிக்கொண்டிருக்குமோ? அறுபதில் வைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான். இப்போது அழுத்த எதுவுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் திரை தானாகவே இருண்டது.

"பதினைந்து. பதினான்கு." டிக். "ஆம்."

சீக்கிரமாகிக்கொண்டே வருகிறது. அதை அவன் கவனித்தான். கவனிக்காத மாதிரி இருக்கப் பார்த்தான். நெற்றி வியர்த்தது; கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு, கன்சோலையே மாற்றிவிடலாம் என்று பையிலிருந்த டெஸ்ட் கன்சோலை எடுத்து மாட்டினான். அதில் வாசித்துச் சொல்கிற குரலை யாரும் ஆன் பண்ணியதில்லை. நேற்றுத்தான் அவனே துடைத்து வைத்த கன்சோல்.

திரை இருண்டது.

"படம் தெரிகிறதா?" என்றது அந்தப் பெண் குரல்.

அவன் சட்டென்று பிளக்கைப் பிடுங்கினான். அறை அமைதியானது. குழாய்ச் சொட்டு மட்டும் கேட்டது. போதும்டா சாமி, மூட்டையைக் கட்டு என்று கால்கள் சொல்லின. மனசு கேட்கவில்லை. கேபிள் மாற்றியாயிற்று. சாக்கெட், டிவி, கன்சோல் எல்லாம் மாற்றியாயிற்று. மாற்றாமல் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தான், நினைத்துவிட்டான். எல்லா முறையும் பார்த்துக்கொண்டிருந்தது இந்தக் கண். அந்த அம்மா ஒருமுறைதான் திரையைப் பார்த்தாள். அதற்கப்புறம் இருட்டாக இருந்ததெல்லாம் நிஜமாகவே இருட்டா, இல்லை அவனுக்கு மட்டும் இருட்டா?

ஒருவேளை கண்ணின் கறுப்பு பெரிதாகிக்கொண்டிருக்கிறதா? தெரியாமல் எப்படி வீட்டுக்குப் போவது?

அந்த வீட்டின் டிவியையும் கன்சோலையும் பழையபடி மாட்டினான். திரை ஒளி செத்துப்போன டிவிகளுக்கு ஒரு வழி உண்டு. டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால், உள்ளே படம் வருகிறதென்றால் நிழலாகத் தெரியும். அதுவே நூற்றிருபதுக்குத் தாவும் வரை காத்திருந்து டார்ச்சை அடித்தான். "பதினைந்து" என்றது குரல்.

தெரிந்தது.

வெளிறிப்போய், ஆனாலும் தெளிவாக. ஒரு சோபா. அவனுக்குப் பின்னால் கிடக்கிற அதே சோபா; கைப்பிடியில் அதே கிழிசல். அதன் இடது ஓரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். முழங்கால் மேல் கையை வைத்து, முன்னால் குனிந்து. வலது பக்கத்தை விட்டுவிட்டு, இன்னொருத்தர் வந்து உட்கார இடம் கொடுத்த மாதிரி ஒடுங்கி.

வெடுக்கென்று திரும்பினான்.

சோபாவில் யாரும் இல்லை. பின்னல் விரிப்பு மட்டும் இடது பக்கத்தில் பள்ளமாக இருந்தது. பழைய சோபா. எல்லாப் பழைய சோபாவும் அப்படித்தான் இருக்கும். அப்படித்தானே?

டிக். "ஆம்."

"யாரு?" என்று கேட்டான். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

குழாய்ச் சொட்டு நின்றிருந்தது. எப்போது நின்றது?

ஓடியிருக்கலாம். வாசல் எட்டடிதான். ஆனால் அவன் ஒண்ணொண்ணு. சோபாவில் ஆள் தெரிந்தது கண் கோளாறா, டிவி கோளாறா? அதைத் தெரிந்துகொள்ளாமல் படியிறங்கினால் இன்றைக்கு இல்லை, என்றைக்குமே தூக்கம் வராது. மிச்சமிருப்பது இரண்டு. இடது கண். வலது கண். அவ்வளவுதான். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். ஒரு நிமிஷ வேலை.

பேட்டரியைத் திரும்பப் போட்டு, கன்ட்ரோலரைக் கையில் எடுத்தான். இரண்டு கண்ணுக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும். சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்தான்.

"படம் தெரிகிறதா? பதினைந்து."

வலது கண்ணைப் பொத்தினான். நல்ல கண்ணால் பார்த்தான். இருட்டு. சந்தேகமே இல்லாத இருட்டு.

"பதினான்கு. பதின்மூன்று."

இந்த முறை டிக் இல்லை. குரல் அவனுக்காகக் காத்திருப்பது போல நிதானமாக எண்ணியது.

"பன்னிரண்டு."

கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினான்.

அறை மங்கியது. நடுவில் அந்தக் கறுப்பு. டீப்பாயை மறைத்தது, டிவியை மறைத்தது. ஆனால் கறுப்புக்கு உள்ளே ஒரு வெளிச்சம். மெல்ல மெல்ல. வெள்ளைத் துணி. துணிக்குள் சின்னதாக ஒரு தலை, ஈரமான முடி. மூச்சில் துணி ஏறி இறங்கியது. அவ்வளவு வழுவழுப்பான அசைவை எந்த டிவியிலும் அவன் பார்த்ததில்லை. இரண்டு வாரமாக எதையும் காட்டாத இடத்தில், இவ்வளவு துல்லியமாக.

"எட்டு. ஏழு."

குழந்தை சிணுங்கியது. தலையைத் திருப்பப் பார்த்தது. காது தெரிந்தது. கன்னத்தின் ஓரம் தெரிந்தது.

"கடவுளே" என்றான். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. கண் போகவில்லை. தெரிகிறது. இன்னும் கொஞ்சம் திரும்பட்டும். முகம். ஒருமுறை முகம்.

"மூன்று. இரண்டு."

திரும்பிவிடும். ஒன்று சொன்னதும் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். இது போய்விடும். கறுப்பு மட்டும் மிஞ்சும்.

"தெரியுது!" என்று கத்தினான். "தெரியுது, தெரியுது!" கட்டைவிரல் பட்டனை அழுத்தியது. அவன் விரல்தான். அவனேதான் அழுத்தினான்.

டிக்.

"ஆம். சேமிக்கப்பட்டது."

குழந்தை இல்லை. டிவி இல்லை. பொத்திய கையை எடுத்தான். எடுத்தானா? கை எங்கே? கண்ணைத் திறந்தான். திறந்துதான் இருந்தது. ஒன்றும் இல்லை. ஜன்னல் இல்லை. மழை வெளிச்சம் இல்லை.

"பதற வேணாம்" என்று இடது பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. அழுது அழுது கம்மிப்போன குரல். "பதினஞ்சு எண்ணினா தானா திரும்பிடும்னாங்க. நானும் அதைத்தான் எண்ணிக்கிட்டே இருக்கேன். மூணு மாசமா."

கத்த வாயைத் திறந்தான். வாய் இல்லை.

அப்போது ரொம்ப தூரத்தில், தெருமுனைக் கடையின் டிவி போல, ஒரு சின்னச் சதுரம் வெளிச்சமானது. அதில் ஒரு டீப்பாய் தெரிந்தது. மேலே அவனுடைய போன், அதிர்ந்துகொண்டு. அவனுடைய கை, தழும்போடு, மோதிரத்தோடு, நீண்டு வந்து அதை எடுத்தது. அவன் அசைக்கவில்லை. போனில் அவன் மனைவியின் முகம். வியர்த்து, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆனாலும் சிரித்துக்கொண்டு.

"என்னங்க, வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம். எங்க இருக்கீங்க?" போனை உற்றுப் பார்த்தாள். "ஏங்க இப்படி கண்ணு சிமிட்டாம பாக்கறீங்க?"

போகாதே, அவனைப் பக்கத்தில் விடாதே, அது நான் இல்லை என்று இருட்டுக்குள் அவன் துடித்தான். ஒரு சத்தமும் எழவில்லை. பக்கத்தில் அந்த ஆள் முணுமுணுவென்று எண்ணிக்கொண்டிருந்தார்.

சதுரத்தில் ஜிப் மூடுகிற சத்தம் கேட்டது. பை தோளில் ஏறியது. வாசல் நெருங்கி வந்தது. ஒவ்வொரு படியும் வழுக்கிக்கொண்டு, துல்லியமாக, கீழே கீழே போனது. கீழ் வீட்டு வாசலில் அந்த அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். கால்கள் நிற்கவில்லை. வாசலில் அவன் விட்டிருந்த செருப்பைத் தாண்டி, வெறுங்காலோடு மழையில் இறங்கின.

"இதோ வந்துட்டேன்" என்றது அவனுடைய குரல், அவன் மனைவியிடம், ஆசையாக. "முகத்தை முதல்ல நான்தான் பார்ப்பேன்."